மாங்குளத்தில் தங்கிய மணப்பெண்

என் கலியாணத்துக்கு நான் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போனேன். முல்லைத்தீவிலிருந்து விடத்தல்தீவு. இன்றைக்கு யாருக்கும் அது பெரிய தூரமாகத் தெரியாது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், பெற்றோலைக் கண்ணால் காண்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், மாரி மழைக்குள் வன்னியைக் குறுக்கறுத்துப் போவதென்பது ஒரு தேசத்தைக் கடப்பது மாதிரித்தான்.

வழக்கப்படி பெண்ணின் ஊர்க் கோவிலில்தான் கலியாணம் நடக்கவேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் இல்லாமல் போய்ப் பல வருடம். கொக்கிளாயில் வலையையும் வள்ளத்தையும் விட்டு எழும்பி வந்த நாள் முதல் முல்லைத்தீவுக் கரையில் ஒரு கொட்டிலில் இருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். மகன் தாலி கட்டுவதைக் கண்ணால் காணவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அந்த மனிதரை இந்த ரோட்டில் ஏற்றிக்கொண்டு வரமுடியாது. ஆகவே பெண் போகட்டும் என்று அப்பா முடிவெடுத்தார்.

மாப்பிள்ளையை நான் ஒருமுறைதான் கண்டிருந்தேன். அதுவும் மடு மாதா திருவிழாக் கூட்டத்தில், தூரத்தில். யாரோ கையைக் காட்டிச் சொன்ன திசையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் எவர் என்பது வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

கலியாணம் வியாழக்கிழமை. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. தொடங்கினால் கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தார் முடியும்வரை எங்கள் கோவில்களில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அதனால் நாள் தப்பக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். அயலில் இருந்த ஒருவரின் பழைய கார். அவரே ஓட்டினார். அவரைக் கார்க்கார அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். சின்னப் போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். முன்னுக்கு அப்பா. பின்னுக்கு அம்மாவும் நானும், மடியில் பலகாரப் பெட்டி. கலியாணச் சேலைகள் இருந்த றங்குப்பெட்டி காரின் கூரையில், படங்குத் துண்டால் மூடிக் கட்டியிருந்தது.

ஒட்டுசுட்டானைத் தாண்டும்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. முன்கண்ணாடியில் யாரோ வாளியால் ஊற்றுவது போல இருந்தது. கார்க்கார அண்ணை தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். பள்ளங்களில் கார் மிதக்கிறதா ஓடுகிறதா என்று தெரியவில்லை. மத்தியானம் கழிந்து மாங்குளம் சந்தியை அடைந்தபோது கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பிறகு அதை ஒன்றும் செய்யமுடியவில்லை.

சந்தியில் அப்போது முழுசாக நின்ற கட்டடம் ஒன்றும் இல்லை. சண்டை நடந்து முடிந்த இடம். அரைச் சுவர்களுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம் நின்றது. மாடி என்றால் மேலே கூரை கிடையாது. யன்னல் ஓட்டைகளால் வானம் தெரிந்தது. கீழ்த்தட்டின் வாசலில் ஒரு பெண் கம்பி முறிந்த குடையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாய் திறக்கமுதல் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அண்ணன்மாரே, எந்திரிங்க. ஒரு காரு நிக்குது, தள்ளணும்."

உள்ளேயிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து ஆண்கள் வந்தார்கள். சைக்கிளில் கருவாடும் தேங்காயும் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவர்கள். மழைக்கு அங்கே ஒதுங்கியிருந்தார்கள். எங்கள் காரைத் தள்ளிக் கட்டடத்தின் பக்கச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார்கள்.

"இது லொட்ஜுங்க ஐயா," என்றார் அந்தப் பெண் அப்பாவிடம். "அந்தக் காலத்துல யாழ்ப்பாணம் போற லொறிக்காரங்க எல்லாம் இங்கதான் தங்குவாங்க. இப்ப ரூம்பு இருக்கு, கதவுதான் ஒண்ணு ரெண்டுக்கு இல்ல. வாங்க, பொண்ண நனைய விடாதீங்க."

அவர் பேச்சிலேயே மலைநாட்டு ஆள் என்று தெரிந்தது. நாற்பது வயது கடந்திருக்கும். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். அன்று பின்னேரமே நாங்களும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம், அவரைவிட மூத்த அம்மா உட்பட.

அம்மா முதலில் உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டா. கதவில்லாத அறைகளுக்குச் சாக்குத் துணி தொங்கியது. சுவர் முழுக்கத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள். அவற்றைக் களிமண்ணால் அடைத்து மேலே சுண்ணாம்பு பூசியிருந்ததில் சுவருக்கு அம்மை வந்து ஆறியது போல இருந்தது. நடு விறாந்தையில் தவளைகள் தங்கள் பாட்டுக்குத் திரிந்தன.

"இதுக்குள்ளயோ பிள்ளையை வைச்சிருக்கிறது? நாளையிண்டைக்குக் கலியாணம் இவளுக்கு," என்றா அம்மா.

அக்காவின் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணப் பொண்ணா? அப்ப ஏன் இன்னும் நிக்கிறீங்க?" என்று என் கையைப் பிடித்து நேராகத் தன் சொந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கதவு இருந்தது, கட்டில் இருந்தது, பூட்டு மட்டும் இல்லை. "பயப்படாத. இங்க திருட்டே கெடையாது. திருடுறதுக்கு ஒண்ணும் இல்லல்ல," என்று சிரித்தார். தன் பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். வியாபாரிகள் தாங்களாகவே தங்கள் அறையை அப்பாவுக்கும் கார்க்கார அண்ணைக்கும் விட்டுவிட்டு விறாந்தைக்கு மாறினார்கள்.

கட்டிலில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் சீலிங்கில் கைமுட்டி அளவில் ஓர் ஓட்டை. மேல்மாடியில் தேங்கிய தண்ணீர் அதனூடாக ஒழுகியது. அதற்குக் கீழே அக்கா ஒரு பேசினை வைத்திருந்தார்.

அன்றைய பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. றங்குப்பெட்டியை இறக்கித் திறந்தோம். படங்கு எங்கோ கிழிந்திருக்கவேண்டும். உள்ளே தண்ணீர். கோவிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சேலைக்கு மேல் கூறைச் சேலை கிடந்தது. கூறையின் சிவப்பு இறங்கி வெள்ளையில் ஊறியிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டா. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா சேலையை அம்மாவின் கையிலிருந்து வாங்கினார். "காய விட்டாத்தான் கறை பிடிக்கும். இன்னும் ஈரமாத்தானே இருக்கு?" என்றார். அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குசினியின் தகரக் கூரைப் பீலியால் விழுந்த மழைத் தண்ணீரில் அண்டாவை நிரப்பி, சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு அலசினார். தண்ணீர் சிவந்தது. ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினார். மறுபடி அலசினார். நான் உதவிக்குப் போனபோது, "கல்யாணச் சேலைய நீயே தோய்க்கக் கூடாது, போ," என்று விரட்டினார். அது எந்த ஊர்ச் சட்டம் என்று எனக்குத் தெரியாது. இருட்டுகிற நேரத்தில் சேலையை விரித்துக் காட்டினார். முந்தானை பளிச்சென்று இருந்தது. உடல் பகுதியில் மட்டும் ஓரிடத்தில் மெல்லிய ரோசாப் படலம்.

"இது போகாது. ஆனா இது கொசுவத்துக்குள்ள போயிரும். மடிச்சிச் செருகினா ஆண்டவருக்குக்கூடத் தெரியாது," என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதா. பிறகு குசினிக்குப் போய் அக்காவோடு அடுப்படியில் இருந்து தேத்தண்ணி குடித்தா. அந்தப் பயணத்தில் அம்மா வாய்விட்டுப் பாராட்டிய முதல் பொருள் அந்தத் தேத்தண்ணிதான். சீனி இல்லை, பனங்கட்டிதான். ஆனால் தேயிலைக்குள் பிறந்தவர் கையால் போட்ட சாயம்.

புதன்கிழமையும் மழை விடவில்லை. மல்லாவிக்கு இந்தப் பக்கம் ஒரு மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, வாகனம் போகாது என்று வழியால் வந்த ஒருவர் சொன்னார். கார்க்கார அண்ணை எஞ்சினிலிருந்து கழற்றிய சாமான்களை எல்லாம் குசினி அடுப்பைச் சுற்றி வரிசையாகக் காய வைத்திருந்தார். அவற்றுக்கு நடுவே அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தார். கடலில் எத்தனையோ காற்றைக் கண்ட மனிதர். ஆனால் ரோட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும், நாளைக்குப் போய்ச் சேரேலாது. திரும்பிப் போவம். நத்தார் முடியப் பாப்பம்."

"எனக்கும் மனம் சரியில்லை. கார் நிண்டுது, சீலை ஊறிச்சுது, ரோட்டும் மறிச்சுப்போட்டுது. இதுக்கு மேல கடவுள் எப்பிடிச் சொல்லுறது?" என்றா அம்மா.

எனக்குத் திரும்ப மனமில்லை. தூரத்தில் கண்ட ஒருவருக்காக அல்ல. என்னைக் கேட்காமலே வெளிக்கிட்ட பயணம், என்னைக் கேட்காமலே திரும்பப்போகிறதே என்றுதான். ஆனால் பேசுகிற துணிவு எனக்கு அன்றைக்கு இல்லை.

அக்கா மா பிசைந்த கையோடு குசினி வாசலுக்கு வந்தார். "ஐயா, திரும்பிப் போனா அங்கயும் மழதானே பெய்யுது? நனையிறதுதான்னா போற பக்கம் பாத்து நனைங்க," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மா, கடவுளு சொல்றது இருக்கட்டும். பொண்ணு என்ன சொல்லுது? அதக் கேட்டீங்களா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போவம்," என்றேன். அவ்வளவுதான் வந்தது. அப்பா "அப்ப சரி," என்று கதிரையில் இருந்துவிட்டார்.

மற்ற வேலையை அக்கா பார்த்தார். வியாபாரிகளில் ஒருவர் வெள்ளாங்குளத்துக்குப் போகவேண்டியவர். குளக்கட்டால் சுற்றி, தேவையென்றால் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு போகலாம் என்றார். அங்கிருந்து விடத்தல்தீவுக்குச் செய்தி கொண்டுபோக ஆள் பிடிப்பதாகவும் சொன்னார். அக்கா அவருக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து வாசல்வரை போனார். "பொண்ணு பத்திரமா இருக்கு, சனிக்கிழமைக்குள்ள வந்துரும்னு சொல்லுங்க. நல்லாச் சொல்லணும், பதறாம சொல்லணும்," என்றார். பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லவேண்டிய செய்தி. எங்களுக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அன்று மழைக்குள் இருந்து அக்கா தன் கதையை அம்மாவுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் லய வீடுகளை எரித்தபோது புருசனோடு வன்னிக்கு ஓடிவந்தார். இங்கே காடு வெட்டப் போன புருசன் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு இந்த லொட்ஜில் சமையலுக்குச் சேர்ந்தார். சண்டை தொடங்கியதும் முதலாளி குடும்பத்தோடு போய்விட்டார். இவரும் காட்டுக்குள் ஓடியிருந்தார். சண்டை ஓய்ந்து திரும்பி வந்தபோது மேல்மாடிக் கூரையைக் காணவில்லை.

"நானும் எங்கயாச்சும் போயிருக்கலாந்தான்," என்றார். "சாமான் ஏதும் மிஞ்சியிருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். வந்து பாத்தா சந்தியில ஒரு குடும்பம் புள்ளைங்களோட நிக்குது. எங்கம்மா தங்கலாம்னு என்கிட்டக் கேக்குறாங்க. இந்த ஊருல என்னைய விட்டா வேற யாருகிட்டக் கேப்பாங்க? ஒரு ரூம்பக் கூட்டிக் குடுத்தேன். அடுத்த நாளு வேற ஆளு வந்திச்சி. அப்படியே இருந்துட்டேன்."

பெரிய காரியம் செய்த பாவனை அவர் குரலில் கொஞ்சமும் இல்லை. ஆனால் நான் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வோர் அறையிலும் ஆற வைத்த தண்ணீர்ப் பானை. பொழுது சாயச் சாய வேப்பம் இலைப் புகை. நேற்று ஒழுகிய இடத்தில் இன்று ஒரு தகரத் துண்டு. அந்த உடைந்த கட்டடம் தன் பாட்டில் நிற்கவில்லை; ஒரு பெண் ஒவ்வொரு நாளும் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் கண்ட பெண்கள் எல்லோரும் ஒரு வீட்டுக்காக உழைத்தவர்கள். அது பெரிய உழைப்புத்தான். இவர் ஒரு ரோட்டுக்காக உழைத்தார். இப்படியும் ஒருத்தி வாழலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

வியாழக்கிழமை, என் கலியாண நாளன்று, நான் பழைய சட்டையோடு கட்டிலில் இருந்து பேசினில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை தூறலாகியிருந்தது. பின்னேரம் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல்.

"இஞ்ச முல்லைத்தீவால வந்த ஆக்கள் நிக்கினமோ?"

"நீங்க யாரு?" என்றார் அக்கா.

"விடத்தல்தீவால வாறன். அவையைத் தெரிஞ்ச ஆள்."

"தெரிஞ்ச ஆளுன்னா எப்படித் தெரிஞ்ச ஆளு?"

சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தம். "நான்தான் மாப்பிள்ளை," என்றது குரல்.

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு. வெள்ளத்தில் இறங்கி வந்த ஆளின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. செருப்பு ஒன்றைக் காணவில்லை. விடியப்புறம் செய்தி கிடைத்ததும் ஏறிய சைக்கிளாம். அக்கா அவரை மேலும் கீழும், என்னைப் பார்த்த அதே மாதிரிப் பார்த்தார். "நல்லது. உக்காருங்க," என்று துவாயும் தேத்தண்ணியும் கொடுத்தார். அப்பா வந்து கையைப் பிடித்தார். அம்மா என்னை அறைக்குள் போகச் சொல்லிச் சைகை காட்டினா. போனேன். தாலி கட்டமுதல் மாப்பிள்ளையோடு கதைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அக்கா வேறு வழி வைத்திருந்தார்.

"மாப்ள, ஈரத்தோட சும்மா இருந்தா குளிர் பிடிக்கும். மேல ஏறி அந்த ஓட்டைய அடைச்சிட்டு வாங்க. களிமண்ணு படியில இருக்கு, யூரியாப் பையும் இருக்கு," என்று அவரை மேல்மாடிக்கு அனுப்பினார். அம்மாவைக் கூப்பிட்டுத் தேங்காயும் துருவலையும் கொடுத்துத் துருவச் சொல்லிக் குசினியில் இருத்தினார்.

நான் அறையில் தனியே. மேலே காலடிச் சத்தம். பிறகு ஓட்டையால் குரல் வந்தது.

"உள்ளுக்கு ஆரும் நிக்கிறியளோ?"

"ஓம்."

"தண்ணி இப்பவும் விழுதோ?"

"விழுது... இல்லை, நிண்டிட்டுது. இப்ப மற்றப் பக்கத்தால விழுது."

"எந்தப் பக்கம்?"

"கதவுப் பக்கம்."

"எனக்கு இஞ்ச கதவு ஒண்டும் தெரியேல்லையே."

நான் சிரித்துவிட்டேன்.

"நீங்களோ?" என்றது குரல், மெதுவாக.

"ஓம். நான்தான்."

"பயந்துபோனீங்களோ?"

"முதல்நாள் பயமா இருந்தது. இப்ப இல்லை."

"எங்கட ஐயா படுக்கையில கிடந்தபடி சொன்னவர், ரோட்டில நிக்கிற பிள்ளையை நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா எண்டு." களிமண்ணைத் தட்டிக்கொண்டே, "அவர் சொல்லாட்டிலும் வந்திருப்பன்," என்றார்.

"கதவுப் பக்கம் இன்னும் ஒழுகுது," என்றேன். அவர் களிமண்ணை வைத்து அமுக்கினார். ஒரு கட்டி என் தலையில் விழுந்தது. நான் ஐயோ என்றேன், அவர் மன்னிக்கச் சொன்னார். அந்த ஓட்டையை அடைக்க அவர் எடுத்த நேரத்தில் ஒரு புதுக் கூரையே போட்டிருக்கலாம். நான் வெளியே வந்தபோது அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தெரியாத மாதிரி இருப்பதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிய மழை விட்டது. கார்க்கார அண்ணை காய்ந்த சாமான்களை எல்லாம் பூட்டி, இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டார். எஞ்சின் உறுமியபோது விறாந்தையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு இரண்டு சேலைகளையும் அழுத்தி மடித்து, இந்த முறை என் மடியிலேயே வைத்தார். "கூரை மேல கட்டாதீங்க," என்றார் அப்பாவிடம்.

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. "தங்கச்சி, நீயும் வா. காரில இடம் இருக்கு. ஒரு நாள்தானே?"

"இப்பத்தாங்கம்மா மழ விட்டிருக்கு. இன்னிக்கித்தான் ஆளுங்க வருவாங்க. நான் இல்லைன்னா யாரு இருக்கா?"

வற்புறுத்தினால் வரக்கூடியவர் இல்லை என்று அம்மாவுக்கே விளங்கியது. அக்கா என் நெற்றியில் கையை வைத்தார். வாசலில் அடுத்த சைக்கிள்காரர் ஏற்கெனவே வந்து நின்றார்.

மதகடியில் வெள்ளம் வடிந்து முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. ஓர் உழவு இயந்திரம் எங்கள் காரை இழுத்தது; சைக்கிளில் கூடவே வந்த மாப்பிள்ளை பின்னால் தள்ளினார். வெள்ளி பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை காலைப் பூசையோடு கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பனைக் கட்டிலோடு தூக்கிவந்து கோவில் வாசலுக்குள் வைத்தார்கள். வெள்ளைச் சேலையை மடித்துச் செருகும்போது அம்மா எல்லாப் பெண்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே செருகினா. யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வழியால் போகிற வாய்ப்பு வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மாங்குளம் மறுபடி சண்டைக்களமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். கொஞ்சக் காலத்தில் எங்கள் கரையிலும் அதே நிலைமை. இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சைக்கிளோடும் நானும் அவரும் கிழக்கு நோக்கி நடந்து மல்லாவிப் பக்கம் வந்தோம். ரோட்டோரம் ஒரு தேக்கங்காட்டில் படங்கும் கிடுகும் போட்டு நீளமாக ஒரு கொட்டகை. உள்ளே பழைய சேலைகளைத் தொங்கவிட்டு அறை அறையாகப் பிரித்திருந்தது. அங்கே ஒரு குரல் கேட்டது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஒரு சேலைத் திரையை விலக்கிப் பாய் விரித்தார். சின்னவனை என் இடுப்பிலிருந்து வாங்கிக் கிடத்தினார். பெரியவளுக்குக் கஞ்சி கொடுத்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குச் செய்வது போல எல்லாவற்றையும் செய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் நான் சொன்னேன்.

"அக்கா, நாங்கள் மாங்குளத்தில உங்களிட்டத் தங்கினனாங்கள். நான் அப்ப கலியாணப் பொம்பிளை."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மாங்குளத்துலயா? எத்தனையோ பேரு தங்கினாங்கம்மா. கல்யாணப் பொண்ணுங்களே ரெண்டு மூணு பேரு." என் கணவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லா வச்சிருக்காரா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"அப்பச் சரி," என்றார்.

என்னை நினைவு வைத்திருக்கவில்லையே என்று ஒரு கணம் மனம் சுருங்கியது உண்மைதான். அது உடனேயே போய்விட்டது. எங்களுக்கு மட்டும் தனியாகக் காட்டிய அன்பு என்று நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த ரோட்டால் வந்த எல்லோருக்கும் உரியது. அப்படிப் பார்த்தால் அது நான் நினைத்ததைவிடப் பெரியது.

வெளியே ஓர் உழவு இயந்திரம் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதன் இழுவைப் பெட்டியிலிருந்து ஒரு வயதான தம்பதியும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா காலை இழுத்துக்கொண்டு அவர்களிடம் போனார். நாங்கள் பாயைச் சுருக்கி, அவர்களுக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி இருந்தோம்.